சிறு துளைகளுக்குப் போரிங் பார் தேர்ந்தெடுப்பது எப்படி

குமரி மாவட்டத்து லேத் பட்டறைகளுக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி பழுதுபார்ப்பு வேலைதான். குளச்சலிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் விசைப்படகுகளின் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்கள், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் குழல்கள், வருகின்றன. குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர்களின் தேய்ந்த புஷ்கள் வருகின்றன. இவற்றுக்கிடையே தண்ணீர்ப் பம்புகளின் வார்ப்பிரும்பு உறைகளும் வந்து சேர்கின்றன. இவற்றில் பல வேலைகளில் 12 முதல் 40 மில்லிமீட்டர் வரையிலான ஒரு துளையைச் சரியான அளவில், சரியான மையத்தில், வழவழப்பாகக் கடைந்து தர வேண்டியிருக்கிறது. வெளிப்புறம் கடைவதில் கைதேர்ந்தவர்களும் இந்தச் சிறு துளைகளில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பல சமயம் குறை கையிலும் இல்லை, லேத்திலும் இல்லை. துளைக்குள் போய் அதன் சுவரைக் கடையும் தண்டான போரிங் பாரில் இருக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது நஷ்டப்பட்டுத்தான். பல ஆண்டுகளுக்கு முன், வார்ப்பிலேயே துளை விட்டு வந்த ஒரு கன்மெட்டல் புஷ்ஷை, 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு 26 மில்லிமீட்டர் துளையாகக் கடைய வேண்டியிருந்தது. வார்ப்புத் துளை ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விலகியும் இருந்தது. என்னிடம் இருந்த 10 மில்லிமீட்டர் பாரை நீட்டி வைத்துக் கடைந்தேன். அளவு வந்தது, ஆனால் புஷ்ஷை, அதைப் பிடித்துச் சுழற்றும் சக்கிலிருந்து கழற்றாமலே துளைக்குள் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தபோது, முள் நான்கு சதப்பங்கு மில்லிமீட்டருக்கு ஆடியது. சக்கைத் தாங்கிச் சுழலவிடும் ஹெட்ஸ்டாக் பேரிங்கில் குறை என்று எண்ணி இரண்டு நாள் அதைத் திறந்து சரிசெய்தேன். பயனில்லை. பிறகு நண்பர் ஒருவரிடம் 16 மில்லிமீட்டர் பார் இரவல் வாங்கி, அதே லேத்தில் அதே போன்ற இன்னொரு புஷ்ஷைக் கடைந்தபோது முள் ஏறக்குறைய அசையவே இல்லை. மெலிந்த பார், வெட்டு ஆழமாக விழும் பக்கத்தில் அதிகமாகவும் ஆழம் குறைந்த பக்கத்தில் குறைவாகவும் வளைந்து, பழைய துளையின் கோணலை அப்படியே புதிய துளைக்குக் கடத்திவிட்டது.

முதலில் விட்டமும் நீட்டமும்

பாரைப் பிடித்திருக்கும் டூல் போஸ்டின் பிடி முடியும் இடத்திலிருந்து வெட்டும் முனை வரை பார் வெளியே நிற்கும் நீளத்தை இங்கே நீட்டம் என்று குறிப்பிடுகிறேன். ஒரு பார் எவ்வளவு வளையும் என்பது நீட்டத்தின் மூன்றாம் அடுக்கையும் விட்டத்தின் நான்காம் அடுக்கையும் சார்ந்தது. நீட்டத்தை இரட்டிப்பாக்கினால் வளைவு எட்டு மடங்காகிறது. விட்டத்தை 10 மில்லிமீட்டரிலிருந்து 12 ஆக உயர்த்தினாலே வளைவு பாதிக்கும் கீழே இறங்குகிறது. 10 இலிருந்து 16 ஆக உயர்த்தினால் ஏறத்தாழ ஆறரையில் ஒரு பங்காகிறது. எண்ணாகச் சொன்னால், 12 மில்லிமீட்டர் எஃகுப் பாரை 48 மில்லிமீட்டர் நீட்டி, முனையில் பத்து கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு நிகரான விசையைக் கொடுத்தால், அது 17 மைக்ரான் அளவுக்கு வளையும். அதே பாரை 96 மில்லிமீட்டர் நீட்டினால் வளைவு 0.14 மில்லிமீட்டரை நெருங்கிவிடும். பழைய பேரிங்கை இறுக்கியோ, ஃபீட்டை, அதாவது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தை, குறைத்தோ இந்த வேறுபாட்டை ஈடுகட்ட முடியாது.

ஆகவே கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது, பட்டறைக்கு அடிக்கடி வரும் துளைகளின் விட்டத்தையும் ஆழத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வதுதான். எஃகுப் பாரின் நீட்டம் அதன் விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்குள் இருந்தால் கவலையின்றி வெட்டலாம். நான்கு மடங்கு வரை கவனமாக வெட்டலாம். அதற்கு மேல் போனால் பார் அதிர்ந்து பாடத் தொடங்கும், துளையின் சுவரில் வரிவரியாக அலை விழும். 50 மில்லிமீட்டர் ஆழத் துளைக்கு 55 மில்லிமீட்டர் நீட்டம் தேவை என்று கொண்டால், 16 மில்லிமீட்டர் பாருக்கு அது மூன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு, 12 மில்லிமீட்டர் பாருக்கு நான்கரை மடங்குக்கு மேல், 10 மில்லிமீட்டர் பாருக்கு ஐந்தரை மடங்கு. தாளில் எழுதிய வேலைகளுக்கு இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தால், எந்தப் பார் வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

விலை உயர்ந்த, நன்றாகக் கடினப்படுத்தப்பட்ட எஃகில் செய்த பார் குறைவாக வளையும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியன்று. கடினப்படுத்துவதால் இன்சர்ட் (பாரின் முனையில் பொருத்தி மாற்றக்கூடிய சிறு வெட்டும் வில்லை) அமரும் இடம் நசுங்காமல் நீடிக்கும், பாரும் எளிதில் தழும்பாது. ஆனால் மீள்தன்மை அளவில் வளையும் வளைவு எல்லா எஃகிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வளைவைக் குறைக்க வேண்டுமானால் பருமனைக் கூட்ட வேண்டும், நீட்டத்தைக் குறைக்க வேண்டும், அல்லது பொருளையே மாற்ற வேண்டும். பொருளை மாற்றுவது என்பது கார்பைடு தண்டுள்ள பார். அது எஃகைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது. விட்டத்தைப் போல் ஆறு மடங்கு வரை நீட்டி வெட்டலாம். ஆனால் விலை பல மடங்கு. கீழே விழுந்தால் உடையக்கூடும். கூர்முனைத் திருகால் நேரடியாக இறுக்கினால் கீறல் விடும். 8 அல்லது 10 மில்லிமீட்டரில் ஆழத் துளை அடிக்கடி வருகிறவர்கள் மட்டும் ஒன்று வாங்கிக்கொண்டால் போதும். மற்றவர்கள் அந்தப் பணத்தை நல்ல இன்சர்ட்டுகளுக்குச் செலவிடுவது மேல் என்பது என் கருத்து.

பருமனான பாரே நல்லது என்பதால், துளைக்குள் நுழைகிற அளவுக்கு முழுப் பருமனான பாரை வாங்கிவிடவும் கூடாது. வெட்டும் முனை பாரின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைத் தயாரிப்பாளரின் பட்டியலில் ‘எஃப்’ என்ற அளவாகக் கொடுத்திருப்பார்கள். வழக்கமான 12 மில்லிமீட்டர் பாரில் அது 9. பாரின் மறுபக்கம் மையத்திலிருந்து 6. ஆக 15 மில்லிமீட்டருக்குக் குறைந்த துளைக்குள் அது நுழையவே நுழையாது. சீவல் வெளியேற ஒரு மில்லிமீட்டரைக் கூட்டி, குறைந்தபட்சத் துளை 16 என்று குறிப்பிடுகிறார்கள். இதே கணக்கில் 10 மில்லிமீட்டர் பாருக்கு 13, 16 மில்லிமீட்டர் பாருக்கு 20 என்று வருகிறது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இந்த அளவுகள் சற்று மாறும் என்பதால், வாங்கும்போது பட்டியலிலுள்ள எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். நடைமுறையில், குறிப்பிட்ட அந்தக் குறைந்தபட்சத் துளையைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிய துளையில்தான் ஒரு பார் நிம்மதியாக வேலை செய்யும். மறுபக்கம் திறக்காத குருட்டுத் துளையில் இன்னும் தாராளம் தேவை. சீவல் அடியில் நிரம்பி, முனைக்கும் சுவருக்கும் இடையில் சிக்கினால், முடிக்கும் தறுவாயில் இருக்கும் சுவரைக் கீறிவிடும், சில வேளை இன்சர்ட்டையும் உடைத்துவிடும்.

பெயரைப் படிப்பது

பாரின் மேல் பொறித்திருக்கும் எழுத்துகள் மிரட்டுவது போலத் தோன்றினாலும், ஒருமுறை புரிந்துகொண்டால் கடைக்காரரின் சொல்லை நம்பி இருக்க வேண்டியதில்லை. ‘எஸ்12எம்-எஸ்சிஎல்சிஆர்06’ என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் எஸ் என்பது எஃகுத் தண்டு. அந்த இடத்தில் ஏ இருந்தால் எஃகுத் தண்டிலேயே கூலன்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) செல்லும் துளை உண்டு என்றும், இ இருந்தால் கூலன்ட் துளையுடன் கூடிய கார்பைடு தண்டு என்றும் பொருள். 12 என்பது விட்டம். எம் என்பது 150 மில்லிமீட்டர் நீளம். கே என்றால் 125, கியூ என்றால் 180, ஆர் என்றால் 200. அடுத்த எஸ், இன்சர்ட் நடுத்துளை வழியே திருகால் பிடிக்கப்படுகிறது என்பதைச் சொல்கிறது. சிறிய பார்களுக்கு இதுவே ஏற்ற முறை, ஏனென்றால் மேலே நீட்டிக்கொண்டு சீவலைத் தடுக்கும் கிளாம்ப் எதுவும் இதில் இல்லை. அதன் பின் வரும் சி, 80 பாகை கொண்ட சாய்சதுர இன்சர்ட். எல் என்பது வெட்டும் விளிம்பு 95 பாகையில் நிற்கிறது என்பது. அடுத்த சி, இன்சர்ட்டின் பக்கச் சாய்வு 7 பாகை. ஆர் என்பது வலக்கைப் பார். சக்கை வழக்கமான திசையில் ஓட்டி, துளையில் நம் பக்கத்துச் சுவரை வெட்டுவதற்கு இதுதான் வேண்டும். கடைசி 06, வெட்டும் விளிம்பின் நீளம்.

இவற்றுள் அந்த 95 பாகைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. விளிம்பு துளையின் அச்சுக்கு ஏறத்தாழச் செங்குத்தாக நின்றால், வெட்டு விசையின் பெரும்பகுதி பாரின் நீளவாக்கில், டூல் போஸ்டை நோக்கித் தள்ளும். அந்தத் திசையில் எந்தப் பாரும் எளிதில் அசையாது. விளிம்பு 45 பாகை போலச் சரிந்து நின்றாலோ, விசை பாரைச் சுவரிலிருந்து பக்கவாட்டில் தள்ளும். பார் வளைவது அந்தத் திசையில்தான். ஆகவே சிறு துளைக்கு 90 முதல் 95 பாகைக்குள் அமையும் பாரையே கேளுங்கள். 95 பாகைப் பாரில் இன்னொரு வசதி, குருட்டுத் துளையின் அடியைச் சுவரிலிருந்து மையம் நோக்கி இழுத்துச் சமப்படுத்தவும் அது உதவும்.

முக்கோண இன்சர்ட்டில் மூன்று முனைகள் கிடைப்பதால் சிக்கனம் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் 60 பாகை முனை 80 பாகை முனையளவு வலுவுடையதன்று. 55 பாகை இன்சர்ட் உள்ள பார், உள்ளே பள்ளமோ சாய்வோ வெட்ட வேண்டிய வேலைக்குத்தான் தேவை. அத்தகைய வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

நம் பட்டறைகளுக்கு என் பரிந்துரை, 8, 10, 12 மில்லிமீட்டர் ஆகிய மூன்று பார்களையும் 06 அளவுள்ள ஒரே சி வகை இன்சர்ட் பொருந்துமாறு வாங்குவது. அப்போது ஒரு பெட்டி இன்சர்ட்டும் ஒரு சாவியும் மூன்றுக்கும் போதும். 16 மில்லிமீட்டர் பார் பெரும்பாலும் 09 அளவு இன்சர்ட்டோடு வரும். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம், ஏனென்றால் வெளிப்புறம் கடையும் டூலுக்கும் அதே இன்சர்ட்டைப் பயன்படுத்த முடியும். நான்கு, ஐந்து பார்களை ஒரே பெட்டியில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இன்சர்ட் வைத்து விற்கும் தொகுப்புகளைத் தவிர்க்கவே சொல்வேன். அவற்றில் ஒரு இன்சர்ட் உடைந்தால், அதற்கு மாற்றுத் தேடி நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைய நேரும்.

இன்சர்ட்

‘சிசிஎம்டி 060204’ என்ற பெயரின் கடைசி 04, முனையின் வளைவு ஆரம் 0.4 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. 02 என்றால் 0.2, 08 என்றால் 0.8. பெரிய ஆரம் வழவழப்பைத் தரும் என்பது வெளிப்புறக் கடைசலில் நாம் பழகிய பாடம். கணக்கும் அதையே சொல்கிறது: சுற்றுக்கு 0.1 மில்லிமீட்டர் ஃபீட்டில் 0.4 ஆரம் விட்டுச்செல்லும் வரியின் உயரம் சுமார் 3 மைக்ரான், 0.2 ஆரம் விட்டுச்செல்வது சுமார் 6 மைக்ரான். ஆனால் சிறு துளையில், வெட்டின் ஆழம் ஆரத்தைவிடக் குறைந்தால், வளைந்த மூக்கு மட்டுமே வெட்டுகிறது. விசை முழுவதும் பாரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதிர்வு தொடங்கினால் காகிதத்தில் உள்ள 3 மைக்ரானுக்குப் பொருளே இல்லை. எனவே 8, 10 மில்லிமீட்டர் பார்களுக்கு 0.2 ஆரத்தையும், 12 மில்லிமீட்டருக்கு மேல் 0.4 ஆரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். 0.8 ஆரத்தைச் சிறு துளைக்குள் கொண்டுபோக வேண்டாம்.

மூன்றாம் எழுத்தையும் கவனிக்க வேண்டும். எம் என்பது அச்சில் அழுத்திச் சுட்ட இன்சர்ட். அதன் விளிம்பு வலுவுக்காகச் சற்று மழுக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தில் ஜி வந்தால், அதாவது ‘சிசிஜிடி’ என்றிருந்தால், அது தீட்டி முடித்த இன்சர்ட். அலுமினியத்துக்கென்று விற்கும் பளபளப்பான வகையின் விளிம்பு கத்தி போலிருக்கும். ஒரு கடைசிப் பூச்சாக 0.02 மில்லிமீட்டர் எடுத்து அளவைப் பிடிக்கலாம் என்று மழுங்கிய விளிம்பை வைத்து முயன்றால், அது வெட்டாமல் உலோகத்தைத் தேய்த்துக்கொண்டே போகும். இரண்டாம் முறையும் தேய்க்கும். மூன்றாம் முறை திடீரென்று கடித்து அளவைத் தாண்டிவிடும். புஷ் வேலையில் வீணாகும் பொருளில் கணிசமான பங்கு இப்படித்தான் வீணாகிறது. கன்மெட்டல், பித்தளை, அலுமினியம் ஆகியவற்றுக்கு மட்டுமல்லாமல், மென்னெஃகில் கடைசி வெட்டுக்கும் தீட்டிய இன்சர்ட்டைப் பயன்படுத்திப் பாருங்கள். எம் வகையே கையில் இருந்தால், கடைசி இரண்டு வெட்டுகளையும் சம ஆழத்தில், விட்டத்தில் அரை மில்லிமீட்டர் வீதம் எடுக்குமாறு முன்கூட்டியே மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வெட்டில் பார் எவ்வளவு ஒதுங்கியது என்பதை அளந்து தெரிந்துகொண்டால், அதே ஆழமுள்ள அடுத்த வெட்டிலும் அதே அளவுதான் ஒதுங்கும்.

பெட்டியின் மேலுள்ள நிறங்கள் உலக அளவில் பொதுவானவை: நீலம் எஃகுக்கு, மஞ்சள் துருவேறா எஃகுக்கு, சிவப்பு வார்ப்பிரும்புக்கு, பச்சை அலுமினியம், பித்தளை போன்றவற்றுக்கு.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 20 மில்லிமீட்டர் துளையில் லேத் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால், வெட்டு வேகம் நிமிடத்துக்கு 38 மீட்டர்கூட இல்லை. 12 மில்லிமீட்டர் துளையில் அது 23 மீட்டருக்கும் குறைவு. பூச்சுள்ள கார்பைடு இன்சர்ட்டுகள் எஃகில் இதைவிடப் பல மடங்கு வேகத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. பெல்ட்டில் ஓடும் பழைய லேத்தில் அவற்றை வைத்தால், எஃகு முனையில் ஒட்டிக்கொண்டு சுவரைக் கிழிக்கும். அங்கேயும் தீட்டிய கூர் விளிம்பே கைகொடுக்கும். 10 மில்லிமீட்டருக்கும் குறைந்த துளைகளுக்கு, நாமே தீட்டிக்கொள்ளும் ஹைஸ்பீடு எஃகு டூலை இன்றும் நான் கைவிடவில்லை. யாரையும் கைவிடச் சொல்லவும் மாட்டேன்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

இன்சர்ட்டை அதன் இருக்கையில் திருகின்றி வைத்து, விரலால் நான்கு மூலையிலும் அழுத்திப் பாருங்கள். சிறிதும் ஆடக் கூடாது. பிறகு திருகை மெதுவாக இறுக்குங்கள். நன்றாகச் செய்த பாரில் திருகின் துளை சற்றே உள்பக்கம் தள்ளி இருக்கும். இறுகும்போது இன்சர்ட் பின்சுவர்களை நோக்கி இழுபட்டு அமர்வதைக் கண்ணாலேயே காணலாம். அமர்ந்த பின் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அடியிலும் பின்சுவர்களிலும் ஒளிக்கோடு தெரியக் கூடாது. திருகும் அதற்குரிய நட்சத்திரச் சாவியும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, இரண்டு திருகுகளைக் கூடுதலாக வாங்குங்கள். முதலில் கெட்டுப்போவது அந்தத் திருகுதான்.

பிடிப்பு

நல்ல பாரை வாங்கி, நான்கு பக்க டூல் போஸ்டில் தகடுகளை அடுக்கி, இரண்டு போல்ட்டுகளின் முனையில் பிடித்தால் வாங்கிய பயன் பாதிகூடக் கிடைக்காது. உருண்டைப் பார் இரண்டு புள்ளிகளில் மட்டும் பிடிபட்டு உருளப் பார்க்கும். இதற்குப் பணச்செலவில்லாத ஒரு வழி உண்டு. டூல் போஸ்டில் பிடிக்கும் அளவில் ஒரு மென்னெஃகுக் கட்டையை எடுத்து, அதை டூல் போஸ்டிலேயே உறுதியாக இறுக்குங்கள். சக்கில் டிரில்லைப் பிடித்து, டூல் போஸ்டைத் தாங்கும் கேரேஜை நகர்த்தி, கட்டையில் துளையிடுங்கள். முதலில் மையக் குழி, பிறகு சிறிய டிரில், கடைசியில் 12 மில்லிமீட்டர் ரீமர். சக்கில் இருந்து வந்த துளை என்பதால் அதன் மையம் சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மைய உயரத்தில் தானாகவே அமையும். பின்னர் கட்டையின் ஒரு பக்கத்தை நீளவாக்கில் துளை வரை ரம்பத்தால் பிளந்துவிட்டால், டூல் போஸ்டின் போல்ட்டுகள் இறுக்கும்போது கட்டை பாரை முழு நீளத்துக்கும் சுற்றிக் கவ்விக்கொள்ளும். கட்டையின் நீளம் பாரின் விட்டத்தைப் போல் நான்கு மடங்காவது இருக்கட்டும். ஒவ்வொரு பாருக்கும் ஒரு கட்டை செய்து, எந்த முகம் மேலே என்று குறியிட்டு வைத்துக்கொண்டால், அதே லேத்தில் அதற்குப் பின் உயரம் சரிசெய்யும் வேலையே இல்லை. கார்பைடு தண்டையும் இத்தகைய பிளவுக் கட்டையில் அச்சமின்றிப் பிடிக்கலாம்.

முனை மையத்திலோ, பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அதற்கு மேலேயோ இருக்கலாம். கீழே இருக்கக் கூடாது. உள்துளையில் முனை மையத்துக்குக் கீழே போனால், இன்சர்ட்டின் அடிவிளிம்பு சுவரை உரசத் தொடங்கும். வெட்டு விசையும் பாரைக் கீழ்நோக்கியே அழுத்துவதால் உரசல் கூடும். சற்று மேலே வைத்திருந்தால், சுமை வரும்போது முனை மையத்துக்கு வந்து சேரும்.

கடைசியாக, நம் கடற்காற்றைப் பற்றி. கரையோரப் பட்டறைகளில், மழைக்காலத்தில் ஓர் இரவு திறந்து கிடந்த பாரின் இருக்கையிலேயே துரு பூத்துவிடும். துருப்பிடித்த இருக்கையில் இன்சர்ட் சமமாக அமராது. சமமாக அமராத இன்சர்ட் முதல் கனத்த வெட்டிலேயே விரிசல் விடும். வேலை முடிந்ததும் இன்சர்ட்டைக் கழற்றி, இருக்கையைத் தூரிகையால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, திருகின் மரைக்குச் சிறிது கிரீஸ் வைத்து, பாரை எண்ணெய்த் துணியில் சுற்றி மூடிய பெட்டியில் வைத்துவிடுங்கள்.